விளக்குக்கு வைத்த பொட்டு

பேச்சியம்மாளுக்குத் தன் ஃபோர்வீல் வண்டியிடம் ஒரே ஒரு மனத்தாங்கல்தான் இருந்தது. சக்கரங்களை எப்போது சேர்த்துப் பூட்டிக்கொள்வது, எப்போது அவிழ்த்துக்கொள்வது என்பதை அது ஓட்டுகிறவளைக் கேட்காமல் தானே முடிவு செய்தது. அப்படிப்பட்ட ஒரு மனிதரோடு ஏற்கெனவே இருபது வருடம் குடித்தனம் நடத்தியாகிவிட்டது, இனி வண்டியிடமும் அதே பாடா என்று சிரிப்பாள்.

அது தோட்டத்து உதவி மேனேஜர் ஓட்டித் தீர்த்த வண்டி. நிர்வாகம் புதிது வாங்கியதும் ஸ்டோருக்குப் பின்னால் கோழிகள் அடைகிற இடமாகக் கிடந்தது. அதைப் பேச்சியம்மாள் வாங்கினாள் என்று தெரிந்ததும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயமே கூடிச் சிரித்தது. ஐம்பது வயதுப் பொம்பளைக்கு ஜீப்பா என்றார்கள். பாசிர் கூடாங்கில் பதினைந்து வருடத்துக்கு மேல் தொழிற்சாலை வேன் ஓட்டியவள் அவள் என்பது சிரித்தவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

காஹாங் என்ற சின்ன ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் இதே செம்பனைத் தோட்டத்தில்தான் அவள் பிறந்தாள். வயதுக்கு வந்த பெண்கள் உதிரிப்பழம் பொறுக்கப் போன காலத்தில் இவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பாசிர் கூடாங்குக்குப் போய்விட்டாள். தொழிற்சாலைக்குள் நின்று வேலை செய்ய அவளுக்குப் பிடிக்கவில்லை. வேன் டிரைவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, நான் ஓட்டறேன் என்று சாவியை வாங்கியவள் அப்புறம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்த புருஷன் மழையில் லாரிக்கு அடியில் போய்விட்டான். மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போனான். எங்கூட வந்துடும்மா என்று வாரா வாரம் கூப்பிட்டான். அவள் பிறந்த தோட்டத்துக்கே திரும்பி, அண்ணன் காலி செய்துவிட்டுப் போன லயத்து வீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவளுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் காஹாங்கில். லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு வரச் செம்மண் பாதையில் நடக்க வேண்டும். மழை பெய்தால் பாதி நாள் பள்ளிக்கூடமே கிடையாது. ஃபோர்வீல் வந்த பிறகு எட்டுப் பிள்ளைகளும் ஒரு நாள் தவறாமல் பள்ளிக்கூடம் போனார்கள். காலையில் அந்த எட்டு முகமும் வாசலில் வந்து நிற்கவில்லையென்றால் தான் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளைகளை ஏற்றிப் போகும் அந்த ஓட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது கைவிட்டுப் போனால் மகன் வீட்டில் ஏழாவது மாடியில் டிவி பார்த்துக்கொண்டு சாக வேண்டியதுதான் என்பது அவளுடைய பயம்.

வழியில் தண்ணீர்த் தொட்டி மேடு என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் வண்டிக்கும் அவளுக்கும் தகராறு. அந்த வண்டியில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டியிருப்பதால், அதற்கு இடம் கொடுக்க நடுவில் ஒரு டிஃபரன்ஷியல். தார் ரோட்டில் அது இல்லாமல் முடியாது. சேற்றிலோ அதுவே வில்லன். ஒரு சக்கரம் வழுக்கினால் போதும், இஞ்சினின் பலமெல்லாம் அந்த ஒன்றுக்கே போய்ச் சுற்றும். மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். அப்போது நடுவில் இருப்பதைப் பூட்டிவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றாக இழுக்கும். ஆனால் இந்த வண்டியில் அந்தப் பூட்டு, சின்ன கியருக்கு மாற்றினால் மட்டும், தானாக விழும். சின்ன கியரில் வண்டி ஊர்ந்துதான் போகும். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஊர்ந்தால் பாதியிலேயே சறுக்கிக் கீழே வர வேண்டியதுதான். ஓட்டத்தோடு ஏற வேண்டிய மேடு அது.

குளுவாங்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரூபேந்திரன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“அக்கா, பூட்டுற மோட்டார், வயரு எல்லாம் உள்ளயே இருக்கு. பட்டன் மட்டும்தான் கம்பெனிக்காரன் வெக்கல. இந்த நாட்டுக்காரனுக்கு எதுக்குன்னு நெனச்சிட்டான் போல.”

“நீ வெச்சிக் கொடு. எப்ப பூட்டணும்னு நான் பாத்துக்கறேன்.”

உடைத்துப் போட்ட வேறொரு வண்டியிலிருந்து பட்டன் ஒன்றைக் கழற்றி டாஷ்போர்டில் பொருத்தினான். சின்ன கியரில் தானாகப் பூட்டுகிற வயரைப் பிடுங்கிவிட்டான். பழைய எச்சரிக்கை விளக்கு செத்துப்போயிருந்ததால் பட்டனுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு வைத்தான்.

“இனிமே வண்டி முடிவு பண்ணாது, நீங்கதான் பண்ணணும். ஆனா ஒண்ணு, பட்டன அமுக்கி எடுத்தவுடனே பூட்டு அவுந்துடும்னு நெனைக்காதீங்க. சில நேரம் இறுகிப் புடிச்சிக்கும். வெளக்கு அணையற வரைக்கும் தார் ரோட்டுல ஏறாதீங்க. அணையலன்னா கொஞ்சம் ரிவர்ஸ் போங்க, விட்டுடும். பூட்டோட தார்ல திருப்பினீங்க, எதாச்சும் ஒடையும் லா.”

அவளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும். முதல் மழையிலேயே பட்டனை அமுக்கிவிட்டு இரண்டாவது கியரில் தண்ணீர்த் தொட்டி மேட்டை ஒரே மூச்சில் ஏறினாள். பிள்ளைகள் கைதட்டின. தார் ரோட்டு முனையில் நிறுத்தி, பட்டனை எடுத்து, விளக்கு அணைவதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். உலகத்தில் ஒரு சாமானாவது தன் பேச்சைக் கேட்கிறது என்று அவளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

ஆயுத பூஜை வந்தது. லயத்தில் அன்றைக்கு மோட்டார் சைக்கிள், டிராக்டர், குலை வெட்டும் அரிவாள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். பேச்சியம்மாள் வண்டியைக் கழுவினாள், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தாள். பொட்டு வைக்க மட்டும் பக்கத்து வீட்டுத் தேன்மொழியைக் கூப்பிட்டாள். பேச்சியம்மாள் தாலியறுத்தவள். நல்ல காரியத்தில் கை வைக்காதே என்று அவளிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளே ஒதுங்கிக்கொள்வாள். எட்டுப் பிள்ளைகளின் உயிரை நம்பிக் கொடுக்கலாமாம், கொஞ்சம் சந்தனத்தைக் கொடுக்கக் கூடாதாம். இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யாரோ.

தேன்மொழி குலை வெட்டும் ஹேமநாதனின் மனைவி. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் பேச்சியம்மாள் வண்டியில்தான் போகின்றன. கைராசிக்காரி என்று லயத்தில் பெயர். புது வீட்டில் பால் காய்ச்சவும், குழந்தைக்கு முதல் மை இடவும், கல்யாணப் பெண்ணுக்கு முதல் பொட்டு வைக்கவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். ஸ்டியரிங், கியர், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து புது விளக்குக்கு முன்னால் நின்றாள்.

“புதுசா வந்தவரு இவருதான், இவருக்கு இல்லாமலா!” என்று சந்தனத்தை அள்ளிக் கனமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள். விளக்கு முழுசாக மறைந்துவிட்டதே என்று மனசுக்குள் ஒரு உறுத்தல். ஆனால் பூஜைப் பொட்டு தானாக உதிர வேண்டுமே தவிர யாரும் துடைக்க மாட்டார்கள். அதிலும் தன்னைப் போன்றவள் கையால் அதைத் துடைத்தால் கேட்கவே வேண்டாம். சும்மா இருந்துவிட்டாள்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. காஹாங் கோயிலுக்குத் தாய்மார்கள் இரண்டு மூன்று பேரும் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முந்தின நாள் மழையில் மேடு இன்னும் காயவில்லை. பட்டனை அமுக்கி ஏறினாள். தார் ரோட்டு முனையில் பட்டனை எடுத்தாள். விளக்கு இருக்கும் இடத்தில் சந்தனம்தான் தெரிந்தது. வெளிச்சம் எதுவும் இல்லை, அவிழ்ந்திருக்கும் என்று ஏறிவிட்டாள்.

அவிழவில்லை. முதல் வளைவிலேயே ஸ்டியரிங் கனத்தது. இரண்டாவது வளைவில் டயர் தாரைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. வேன் ஓட்டிக் காய்த்த அந்தக் கைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே நேரத்தில் பின்னால் தேன்மொழி, “நம்ம அக்கா மாதிரி இந்த ஜில்லாவுலயே யாரும் ஓட்ட முடியாது. வண்டியே அவங்க சொல்பேச்சு கேக்குது” என்று மற்றவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சுக்கு நடுவில் வண்டியை ஓரம்கட்டி, ரிவர்ஸ் எடுத்து, பட்டனைப் போட்டுப் போட்டுப் பார்க்கப் பேச்சியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. கோயில் பக்கம்தானே, போய்ப் பார்த்துக்கொள்வோம் என்று ஓட்டினாள்.

காஹாங் முச்சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போது அடியில் டமார் என்றது. முன்சக்கரங்களுக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டின் மூட்டு உடைந்து, அறுந்த தண்டு வண்டியின் அடிவயிற்றில் அடித்தது. வண்டி நடு ரோட்டில் நின்றது. பின்னால் குலை ஏற்றி வந்த லாரி பிரேக் அடித்து, ஒரு கை அகலத்தில் நின்றது. பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. தேன்மொழியின் சின்னவளுக்கு உதடு கிழிந்து, பூஜைக்குப் போட்ட பட்டுப் பாவாடையெல்லாம் ரத்தம்.

மறுநாளே ஓட்டம் போயிற்று. காஹாங்கில் வேன் வைத்திருந்த கமலநாதனிடம் எல்லாரும் பேசிவிட்டார்கள். அவன் செம்மண்ணில் இறங்க மாட்டான், தார் ரோட்டு முனைக்குத்தான் வருவான். பரவாயில்லை, அதுவரைக்கும் பிள்ளைகள் நடக்கட்டும் என்றார்கள். வேண்டாத பட்டனெல்லாம் வைத்துக்கொண்டால் இப்படித்தான் என்று ஆண்கள் பேசினார்கள். இரண்டு வாரம் பேச்சியம்மாள் காலையில் எழுந்து, குளித்து, சேலை கட்டி, வாசலில் உட்கார்ந்து, பிள்ளைகள் சேற்றில் நடந்து போவதைப் பார்த்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டியைச் சரி செய்த ரூபேந்திரன்தான் விளக்கின் மேல் கல்லாக இறுகியிருந்த சந்தனத்தைப் பார்த்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. “அலமாக்! வெளக்குக்கே பொட்டு வெச்சி மூடிட்டாங்க, அப்புறம் அக்கா எப்படிப் பாப்பாங்க?” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். குளுவாங்கில் சிரித்தது இரண்டே நாளில் லயத்துக்கு வந்து சேர்ந்தது. தப்பு பேச்சியம்மாள் மேல் இல்லை, பொட்டு மேல் என்று ஆனது. பொட்டு என்றால் தேன்மொழி.

தேன்மொழி ஒரு ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே அழுதாள்.

“என்னாலதான்கா எல்லாம். எம்புள்ள வாயக் கிழிச்சதும் நான்தான், உங்க வண்டிய ஒடச்சதும் நான்தான். மன்னிச்சிடுங்கக்கா.”

பேச்சியம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்வதற்கு நல்ல நேரம் அதுதான். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. பொட்டு கண்ணை மறைத்தது என்றால் ஓட்டம் திரும்பி வரும். கைக்குத் தெரிந்தும் வெட்கப்பட்டு நிறுத்தாமல் ஓட்டினேன் என்றால் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றுவாள்?

“விடு தேனு. நடந்தது நடந்துபோச்சு” என்றாள். டீயையும் வாங்கிக் குடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை எட்டுப் பிள்ளைகளும் வாசலில் நின்றன. மழைக்காலமும் ஆரம்பித்திருந்தது, தாய்மார்களுக்கும் கமலநாதனின் வேன் வரை சேற்றில் நடக்கவிட்டு அலுத்துப்போயிருந்தது. பேச்சியம்மாள் பட்டனை அமுக்கினாள், மேடு ஏறினாள், விளக்கு அணையும் வரை நின்றாள், தார் ரோட்டில் ஏறினாள். எல்லாம் பழையபடி நடந்தது. அவள் மட்டும் தேன்மொழி வீட்டு வாசலைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பக் கற்றுக்கொண்டாள்.

தேன்மொழிக்கு எதுவும் பழையபடி நடக்கவில்லை. யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் கூடத் தேவலை. குழந்தைக்கு மை இட வேறு ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். பால் காய்ச்சிய வீட்டுக்காரி, உன்ன எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன் தேனு என்றாள். ஹேமநாதன் கூட, இனி வண்டி கிண்டின்னு எதையும் தொடாதே என்று சொன்னதாகச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. கேட்ட பேச்சியம்மாள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அவளைக் குறை சொல்ல வேண்டுமென்றால் இந்த இடத்தில் சொல்லலாம்.

மாதக் கடைசியில் ஹேமநாதனின் அண்ணன் மகள் லோஷினிக்கு நிச்சயதார்த்தம். தோட்டத்து மண்டபத்தில் வைத்தார்கள். பெண்ணை மணையில் உட்கார வைத்தாயிற்று. சின்ன வயதிலிருந்து அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவள் தேன்மொழி. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எப்போதும் போல முன்னால் வந்தாள். லோஷினியின் அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீ இரு தேனு. நல்ல காரியம், எதுக்கு வீணா? கிண்ணத்தக் கொடு, வேற யாராச்சும் வெக்கட்டும்.”

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. தேன்மொழி கிண்ணத்தைக் கொடுக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. முகம் செத்துப்போய் நின்றாள்.

தாலியறுத்தவர்கள் உட்காரும் கடைசி வரிசையிலிருந்து பேச்சியம்மாள் எழுந்தாள்.

“அந்தப் பொட்டால வண்டி ஒடையல” என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“வெளக்கு மறைஞ்சிருக்கறத நான் பாத்தேன். துடைக்க மனசு வரல, விட்டுட்டேன். அப்புறம் ரெண்டு வளைவுக்கு ஸ்டியரிங் கனமா இருந்துச்சு, டயரு கத்துச்சு. எனக்கு வெளக்கே வேணாம், என் கைக்கே தெரிஞ்சிபோச்சு. எல்லாரும் உள்ள உக்காந்து என்னப் புகழ்ந்துகிட்டு இருந்தீங்க. எறங்கிப் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு ஓட்டினேன். புள்ள வாயக் கிழிச்சது நான். அவ கைக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.”

யாரோ ஒரு பெரியவர், நல்ல நேரம் போகுது, காரியத்தப் பாருங்க என்றார். லோஷினியின் அம்மா பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். “வெய்யி, தேனு” என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். தேன்மொழி பொட்டு வைத்தாள். பேச்சியம்மாள் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்த பேச்சியம்மாள், ஓட்டம் இதோடு முடிந்தது என்று முடிவு செய்தாள். மகனுக்குப் போன் பண்ணி, ஒரு ரூம் இருக்கா என்று கூடக் கேட்டுவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை மழைக்கு நடுவில் பிள்ளைகள் வந்தன. சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது என்பது ஒரு காரணம். இனி இந்த மனுஷி கை சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று தாய்மார்கள் நினைத்தது இன்னொரு காரணமாக இருக்கலாம். ஆறு பேர் ஏறினார்கள். அவள் ஹாரன் அடித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி மேட்டைத் தாண்டியதும் முன்னால் ஒரு குடை தெரிந்தது. தேன்மொழி இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, தார் ரோட்டு முனைக்கு, கமலநாதனின் வேனுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

“புள்ளைங்க நனையுது தேனு. ஏத்திவிடு.”

தேன்மொழி நின்றாள். கோபமாகப் பேசுவாள் என்று பேச்சியம்மாள் எதிர்பார்த்தாள். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

“ஓட்டும்போது வெக்கமா இருந்துச்சு, சரி. அது எனக்குப் புரியுதுக்கா. நான் டீ எடுத்துக்கிட்டு வந்து அழுதேனே, அப்ப வண்டியில யாரு இருந்தாங்க வெக்கப்பட?”

பேச்சியம்மாள் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

“‘விடு தேனு’ன்னு சொன்னீங்க. எவ்ளோ பெரிய மனசு உங்களுக்குன்னு நெனச்சி, அன்னிக்கு வீட்டுக்குப் போயி இன்னும் அழுதேன்கா.”

பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவள் நடந்தாள். சின்னவள் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வண்டிக்குள் பிள்ளைகள் நேரமாச்சு, நேரமாச்சு என்று கத்தின. பேச்சியம்மாளுக்கு நடந்து போகிறவர்களை முந்திக்கொண்டு போக மனம் வரவில்லை. சின்ன கியருக்கு மாற்றி, பாதை முடியும் வரை குடைக்குப் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போனாள்.